காலி வரிசையில் எல்லோரும் நலம்

ஒரு புரோகிராம் எழுந்து நின்றதற்காக நீங்கள் யாரும் கை தட்டியிருக்க மாட்டீர்கள். உங்கள் காலத்தில் எல்லாமே கண் இமைப்பதற்குள் எழுந்து நிற்கின்றன. நாங்கள் தட்டினோம். காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இருந்த எங்கள் அலுவலகத்தில், நானும் யூசுப்பும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து தட்டினோம். என்னமோ ஏதோ என்று கீழே கடையிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள்.

வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பேச என்னை அழைக்கிறார்கள். வரும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் கொண்டுவருகிறேன். அந்தக் கைதட்டலையும், அதற்குக் கொஞ்ச நாள் கழித்துப் பல்லடத்தில் நாங்கள் ஓடிய ஓட்டத்தையும் நினைத்தால் இன்றைக்கும் என்னால் உட்கார்ந்து பேச முடிவதில்லை. அதனால்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. எங்கள் நிறுவனம் என்றால் முதலாளி, நான், யூசுப், கணக்கு பார்க்கும் ஒரு அம்மா, அவ்வளவுதான். யூசுப் கோட்டைமேட்டுக்காரன். அவன் அப்பா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். வயர், சர்க்யூட், பெட்டி எல்லாம் அவன் பொறுப்பு. சி பிளஸ் பிளஸ்ஸில் புரோகிராம் எழுதுவது என் பொறுப்பு. ஆப்ஜெக்ட், கிளாஸ் என்பதெல்லாம் அப்போது கோயமுத்தூருக்குப் புதிது. புதுச் சைக்கிள் கிடைத்தவர்கள் மாதிரி இருந்தோம். எதைப் பார்த்தாலும் ஆப்ஜெக்ட்டாகத் தெரியும்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழிக்குஞ்சு ஹேச்சரி எங்கள் வாடிக்கையாளர். அதை நடத்தியவர் சாந்தாமணி அக்கா. அவர் கணவர் தீவன மில்லைப் பார்த்துக்கொள்ள, ஹேச்சரி முழுக்க அக்காவின் கையில் இருந்தது. முட்டைகளை அடைகாக்கும் மெஷின்கள், ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை அளவுக்கு, வரிசையாக நிற்கும். உள்ளே டிராலி டிராலியாக முட்டைத் தட்டுகள். முதல் சில நாட்கள் முட்டைக்கு நாம் சூடு கொடுக்க வேண்டும். கடைசி நாட்களில் கதை மாறிவிடும். உள்ளே வளர்ந்த குஞ்சே சூட்டை வெளியே விடும். அப்போது ஃபேன் நின்றால் அந்த அறை மூடிய அடுப்பு. ஒவ்வொரு மெஷினிலும் யூசுப் ஒரு பெட்டி மாட்டியிருந்தான். அது உள்ளே இருக்கும் சூட்டை அளந்து அலுவலக அறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். சூடு எல்லைக்கு மேலே போனாலும் கீழே இறங்கினாலும் கம்ப்யூட்டர் அலாரம் அடிக்கும்.

எல்லாம் நன்றாகத்தான் ஓடியது, கரண்ட் போகும்வரை. பல்லடத்தில் கரண்ட் போகாத நாள் ஏது? யூ.பி.எஸ். வைத்திருந்தோம், அதன் பேட்டரிக்கு சார்ஜ் ஏற நேரமே கிடைக்காது. கரண்ட் போனால் கம்ப்யூட்டரும் போகும். ஜெனரேட்டர் வந்ததும் மெஷின்கள் ஓடத் தொடங்கிவிடும். கம்ப்யூட்டர் மட்டும் எழுவதற்கு யுகமாகும். ஏனென்றால் புரோகிராமுக்குள் ஒவ்வொரு மெஷினுக்கும் அதன் நகலாக ஒரு ஆப்ஜெக்ட். அதற்குள் அந்த மெஷினின் தட்டுகள், முட்டை வந்த பண்ணை, இதுவரை பதிவான சூடு எல்லாம் டிஸ்கிலிருந்து ஏற வேண்டும். முதல் மெஷினிலிருந்து கடைசி மெஷின் வரை எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகுதான் கண்காணிப்பே தொடங்கும்.

சாந்தாமணி அக்கா ஒருநாள் நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, கரண்டு வந்தா என்ற மெஷினெல்லாம் உடனே ஓட ஆரம்பிச்சுருதுங். உங்க கம்ப்யூட்டர் மட்டும் நான் காப்பி வெச்சுக் குடிச்சுப்போட்டு வந்தாலும் இன்னும் முனகீட்டே கெடக்குது. அந்நேரத்துல ஒரு மெஷின் சூடேறுனா யாருங்க எனக்குச் சொல்றது?"

அவர் போன பிறகு யூசுப் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே பஸ் ஸ்டாண்ட் பக்கம் வரிசையாக லாட்ஜுகள்.

"ஏன் சுகந்தி, லாட்ஜ்ல எல்லா ரூமுக்கும் மெத்தை விரிச்சு வெச்சுட்டுத்தான் வாசக் கதவைத் தொறப்பாங்களா? ஆள் வந்ததுக்கப்பறம் அந்த ரூமுக்கு விரிச்சாப் போதாதா?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மிகைப்படுத்தவில்லை. ஆப்ஜெக்ட் வரிசையில் மெஷினுக்கு ஒன்றாக இடங்கள் மட்டும் இருக்கட்டும், காலியாக. ஒரு மெஷினிடமிருந்து முதல் செய்தி வரும்போது அதன் இடத்தைப் பார். காலியாக இருந்தால் அப்போது ஆப்ஜெக்ட்டைக் கட்டு. இருந்தால் இருப்பதைப் பயன்படுத்து. நீங்கள் பாடத்தில் இதற்கு லேசி இனிஷியலைசேஷன் என்று படிப்பீர்கள். எங்களுக்கு அது லாட்ஜ் முறை. அந்த வாரத்திலேயே மாற்றினேன். சுவிட்சைப் போட்டதும் திரை தயாராக நின்றது. அப்போதுதான் அந்தக் கைதட்டல்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. அவர் ஒன்று சேர்க்கச் சொன்னார்: திரையில் எண்களாகக் கொட்ட வேண்டாம், பெரிய பச்சை எழுத்தில் 'எல்லா மெஷினும் சரி' என்று ஒரே வரி. ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் மட்டும் அதன் எண் சிவப்பில் வரட்டும். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது.

சாந்தாமணி அக்காவுக்கும் ஒரே பூரிப்பு. சுற்றுவட்டாரத்தில் ஹேச்சரி நடத்துபவர்களையெல்லாம் ஒருநாள் முற்பகலில் வரச்சொல்லிவிட்டார். பல்லடத்துக்காரர்கள், உடுமலைப் பக்கத்திலிருந்து சிலர், சூலூரிலிருந்து வெள்ளை மீசை வைத்த ஒரு பெரியவர். அவர் பேச்சுக்கு அந்த வட்டாரத்தில் மதிப்பு உண்டு என்று முதலாளி என் காதில் சொன்னார். ஹேச்சரி ஆட்களெல்லாம் விருந்தினர் சாப்பாட்டு ஏற்பாட்டில் இருந்தார்கள். கம்ப்யூட்டர்தான் பார்த்துக்கொள்கிறதே.

மெயின் சுவிட்சை நாங்களே அணைத்துக் காட்டுவதாகத் திட்டம். கரண்ட் முந்திக்கொண்டு போனது. எல்லோரும் சிரித்தார்கள். ஜெனரேட்டர் உறுமியது, விளக்குகள் எரிந்தன, கம்ப்யூட்டர் எழுந்தது. திரை வந்த அதே நொடியில் பச்சை வரியும் வந்தது. எல்லா மெஷினும் சரி.

"என்ற ஊட்டு டிவியே இதவிட மெதுவாத்தான் வருதுங்க" என்றார் சூலூர்ப் பெரியவர். அறை முழுக்கக் கைதட்டல்.

அந்தக் கைதட்டலின் நடுவில் எனக்கு ஏதோ இடறியது. பச்சை வரி மிகச் சீக்கிரம் வந்துவிட்டது. யூசுப்பின் பெட்டிகள் கரண்ட் வந்ததும் கொஞ்சம் நிதானித்துத்தான் முதல் செய்தியை அனுப்பும். அப்படியானால் எல்லா மெஷினும் சரி என்று இதற்கு யார் சொன்னார்கள்?

யாரும் சொல்லவில்லை. நான் எழுதிய வரிகள் எனக்கு மனப்பாடம். வரிசையில் கட்டப்பட்டிருக்கும் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டையும் பார், காலி இடத்தைத் தாண்டிப் போ, சரியில்லாதது ஒன்றும் இல்லையென்றால் பச்சை காட்டு. வரிசை முழுக்கக் காலி. யாருமே பரீட்சை எழுதாத வகுப்பில் தோற்றவர் ஒருவரும் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை. கஷ்டமான கணக்குக்குச் சட்டென்று விடை தெரியும்போது ஒரு சிலிர்ப்பு வருமே, அது. பயம் அதன் பின்னாலேயே வந்தது. ஒரு மெஷின் செய்தியே அனுப்பாவிட்டால் அதற்கு ஆப்ஜெக்ட்டே பிறக்காது. ஆப்ஜெக்ட் இல்லாத மெஷினைப் பற்றி இந்தத் திரைக்கு ஒன்றும் தெரியாது. மெஷின் செத்துக் கிடந்தாலும் பச்சைதான்.

கீபோர்டுக்குப் போனேன். எண்ணைத் தட்டினால் அந்த மெஷினின் விவரம் தனியாக வரும். ஒவ்வொன்றாகத் தட்டினேன். எல்லாவற்றிலும் சூடு அழகாக, இருக்க வேண்டிய இடத்தில். முதலாளி விருந்தினர்களைப் பார்த்துப் புன்னகைத்தார். எனக்கும் மூச்சு வந்தது. அடுத்த எண்ணைத் தட்டக் கை போனபோதுதான் உறைத்தது. ஒரு மெஷினைப் பற்றிக் கேட்டாலே போதும், இடம் காலியாக இருந்தால் என் புரோகிராம் அப்போதே ஆப்ஜெக்ட்டைக் கட்டிவிடும். டிஸ்கில் கடைசியாகப் பதிவான சூட்டை எடுத்து அதற்குள் வைத்துவிடும். நான் பார்த்துக்கொண்டிருந்தது கரண்ட் போவதற்கு முந்தைய சூடு. கேட்டவுடன் ஆள் வந்து நிற்கிறான், பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு.

தம்பிகளே, அம்மணிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. மெஷின்கள் எல்லாமே நன்றாக ஓடிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அறை நிறைய விருந்தினர்கள், முதலாளியின் முகத்தில் இத்தனை மாதத்தில் பார்க்காத வெளிச்சம். பேசாமல் இருந்து, எல்லோரும் சாப்பிடப் போன பிறகு மெல்ல நழுவிப் போய்ப் பார்க்கலாம். ஆனால் கருவிக்கே தெரியாத ஒன்றைக் கருவியிடம் திரும்பத் திரும்பக் கேட்டுப் பயனில்லை. கடைசி நாள் முட்டைக்குச் சாப்பாட்டு நேரம்வரை பொறுமையும் இல்லை.

"அக்கா, இந்த ஸ்கிரீன் சொல்றத இப்ப நம்பாதீங்க. மெஷினை நேர்ல போய்ப் பாக்கணும். இப்பவே" என்றேன்.

"சுகந்தி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் முதலாளி, பல்லைக் கடித்தபடி.

சாந்தாமணி அக்கா திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகினார். "வா கண்ணு" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மெஷின்கள் நிற்கும் கூடத்தில் காது அடைக்கும் இரைச்சல். அத்தனை ஃபேன்களுக்கு நடுவில் ஒன்று நின்றிருந்தால் அது காதுக்குத் தெரியாது. அக்கா ஒரு பக்கமும் நானும் யூசுப்பும் மறுபக்கமும், ஒவ்வொரு கதவாகக் கையை வைத்துக்கொண்டே போனோம். அதிர்கிறது, அதிர்கிறது, அதிர்கிறது. பதினொன்றாம் மெஷினின் கதவில் யூசுப் கையை வைத்தான். எடுத்து மறுபடி வைத்தான்.

"அக்கா, இது சும்மா இருக்குதுக்கா."

அதற்குக் கரண்ட் தரும் பிரேக்கர் விழுந்திருந்தது. அந்த மெஷினின் சொந்த பஸ்ஸரும், நாங்கள் மாட்டிய பெட்டியும் அதே பிரேக்கரிலிருந்துதான் கரண்ட் எடுத்தன. எல்லாம் ஒன்றாக வாயை மூடிக்கொண்டிருந்தன. கதவில் பதித்திருந்த கண்ணாடித் தெர்மாமீட்டரில் பாதரசம் கோட்டைத் தாண்டி ஏறி நின்றது.

"நாளைக்குக் காத்தால பொரிக்கற ரூமுக்கு மாத்த வேண்டிய முட்டைங்க இது" என்றார் அக்கா. கதவைத் திறந்தார். புழுங்கிய காற்று எங்கள் முகத்தில் அடித்தது.

யூசுப் பிரேக்கரைத் தூக்கிப் போட்டான். தட்டிவிட்டது. மறுபடி போட்டான். மறுபடி தட்டிவிட்டது.

"ஃபேன் மோட்டார் ஜாம் ஆயிருச்சு. கழட்டாம ஒண்ணும் ஆகாது."

கூடத்தின் மூலையில், கழுவி உலர வைத்திருந்த ஒரு காலி மெஷின் நின்றது. அக்கா அதைக் கை காட்டினார். "டிராலியெல்லாம் அதுக்குத் தள்ளு. ஹீட்டர் போடாதீங்க, ஃபேன் மட்டும் போதும். சூடு அதுகளே குடுக்கும், காத்துத்தான் வேணும்."

டிராலி கனமானது. மூன்று பேரால் ஒன்றை அசைக்கவே திணறினோம். திரும்பிப் பார்க்கிறேன், கூடத்து வாசலில் விருந்தினர்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். நாங்கள் ஓடியதைப் பார்த்துப் பின்னாலேயே வந்துவிட்டார்கள். யாரும் எதையும் விளக்கத் தேவைப்படவில்லை. எல்லோரும் ஹேச்சரிக்காரர்கள். சூலூர்ப் பெரியவர் ஏற்கெனவே வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

"ஆட்டாதீங்க, மெதுவா, ஒரே சீரா" என்று சொல்லிக்கொண்டே முதல் டிராலியில் தோளைக் கொடுத்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு எங்கள் முதலாளியும் ஒன்றைத் தள்ளினார். கடைசி டிராலி உள்ளே போனதும் யூசுப் சுவிட்சைப் போட்டான். ஃபேன் சுழன்றது. அந்தச் சத்தத்தை நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை.

அக்கா ஒரு தட்டிலிருந்து முட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனார். நானும் போனேன். டார்ச்சை முட்டையின் அடியில் பிடித்தார். உள்ளே கருநிழல். அக்கா முட்டையை மெல்லத் திருப்பினார். நிழலின் ஓரம் லேசாகத் துள்ளியது.

"இருக்குது கண்ணு" என்றார். என் கையை இறுகப் பிடித்திருந்தார்.

சாப்பாட்டை யாரும் ரசிக்கவில்லை. இலை எடுத்ததும் முதலாளி என்னையும் யூசுப்பையும் தனியே அழைத்தார்.

"பழையபடி மாத்திரு சுகந்தி. மெதுவா எழுந்தாலும் பரவால்ல, அதுல இந்த வம்பு இல்லையே."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பழைய முறையில் டிஸ்கிலிருந்து ஏறுவது பழைய பதிவாக மட்டும் இருக்கும், பேசாத மெஷினின் இப்போதைய சூடு பூஜ்யம் என்று கிடக்கும். பூஜ்யம் என்றால் அலாரம் அடிக்கும். ஆனால் அது நாங்கள் யோசித்து வைத்த காவல் இல்லை, தானாக அமைந்த காவல். தானாக அமைந்ததை எடுக்கும்போது எடுத்தோம் என்பதே தெரிவதில்லை. உங்கள் வேலையில் இது மறுபடி மறுபடி வரும். எதையாவது வேகமாக்கும்போது, பழைய மெதுவான வழி சத்தமில்லாமல் வேறு என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று ஒரு தடவை கேளுங்கள்.

"பழையபடி மாத்துனா இவங்க மறுபடி காப்பி குடிச்சுட்டுக் காத்திருக்கணுங்க சார்" என்றேன். "லாட்ஜுக்கு ஆள் வரலீன்னா ஒண்ணுமில்லைங்க. காவலுக்கு ஆள் வரலீன்னா? மெஷின் நமக்குக் காவக்காரன் மாதிரி. வராததே சேதி. தட்டும் பழைய விவரமும் அப்படியில்லை, கேக்கறப்ப வந்தாப் போதும்."

யூசுப் பாதியிலேயே பிடித்துக்கொண்டான். "அப்ப மெஷினை மட்டும் மொதல்லயே வரிசைல நிறுத்திரு. வெறும் ஆளா. மூட்டை முடிச்சு அப்பறம் வரட்டும்."

அதேதான். கனமானது தட்டுகளும் பழைய பதிவுகளும். மெஷின் என்ற ஆப்ஜெக்ட் தனியாக இருந்தால் இலகுவானது, அத்தனையையும் கட்ட ஒரு நொடி போதும். பிறக்கும்போதே அதன் நிலை 'இன்னும் சத்தமில்லை'. சரி, சரியில்லை என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒரு நிலை. மெஷின் பேசினால்தான் அது சரி என்று ஆகும். பேசிக்கொண்டிருந்தது நடுவில் நின்றாலும் மூன்றாவது நிலைக்குத் திரும்பிவிடும். அத்தனையும் பேசி, அத்தனையும் சரியாக இருந்தால் மட்டுமே பச்சை. பார்ப்பதற்கு ஒரு வழி, கட்டுவதற்கு வேறொரு வழி. எட்டிப் பார்த்ததற்காக எதுவும் பிறந்துவிடக்கூடாது.

அந்த மேஜையிலேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை, அத்தனை வேகம். பக்கத்தில் யூசுப் ஒவ்வொரு வரியையும் படித்துக்கொண்டே வந்தான். விருந்தினர்கள் பலர் கிளம்பிவிட்டார்கள். சூலூர்ப் பெரியவர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

பொழுது சாயும் முன் தயாரானது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம். முன்பு போலவே உடனே எழுந்தது. ஆனால் பச்சை இல்லை. எல்லா எண்களும் 'இன்னும் சத்தமில்லை' என்று மஞ்சளில் நின்றன. பிறகு ஒன்று பச்சையானது, இன்னொன்று, அப்புறம் நான்கைந்து சேர்ந்தாற்போல. பதினொன்று மஞ்சளிலேயே நின்றது.

பெரியவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து கூடத்துக்குப் போனார். சற்று நேரத்தில் மூன்றாம் எண் மஞ்சளானது. திரும்பி வந்து திரையைப் பார்த்தார்.

"வயரப் புடுங்கிப்போட்டேனுங்க" என்றார். "மறுக்கா மாட்டீட்டு வாரேன்."

"எந்த மெஷின்னு சொல்லாமப் போனீங்களே" என்றான் யூசுப்.

"சொல்லீட்டுப் புடுங்குனா அது பரீட்சையா தம்பி? காத்தால இந்தப் பொட்டி எங்களையெல்லாம் ஏமாத்தீருச்சு. இனி நான் கேட்டுக் கேட்டுத்தான் நம்புவேன்."

அவர் அன்றைக்கு எங்களிடம் எதுவும் வாங்கவில்லை. இன்னும் இரண்டு தடவை வந்து, இன்னும் சில வயர்களைப் பிடுங்கிப் பார்த்த பிறகுதான் வாங்கினார். வாடிக்கையாளர் என்றால் இப்படி இருக்க வேண்டும். உங்களுக்கு இப்படி ஒருவராவது கிடைக்கட்டும்.

அந்தப் பதினொன்றாம் மெஷின் முட்டைகள் பொரிக்கும் நாளில் அக்கா போன் செய்தார். நானும் யூசுப்பும் பல்லடம் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனோம். பொரிக்கும் அறையின் கதவு முன்னால் அக்கா எங்களுக்காகக் காத்திருந்தார். திறக்கும் முன்பே சத்தம் கேட்டது. திறந்ததும் அந்தச் சத்தம் எங்களை ஒரு அடி பின்னால் தள்ளியது. ஈரம் காயாத மஞ்சள் குஞ்சுகள், தட்டு தட்டாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு கத்தின. மேல் தட்டுகளில் சில முட்டைகள் திறக்கவே இல்லை. அக்கா அவற்றைத் தனியே எடுத்து ஒரு கூடையில் வைத்தார்.

பிறகு ஒரு குஞ்சை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எடையே தெரியவில்லை, துடிப்பு மட்டும் தெரிந்தது. அது தன் உடம்பை விடப் பெரிய குரலில், நிறுத்தாமல், என் முகத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது.

"என்ன கண்ணு, இப்பிடிக் கத்துது" என்று சிரித்தார் அக்கா.

"கத்தட்டும்க்கா" என்றேன்.